சிறுநீரகத்தைக் கெடுத்தது எந்த மாத்திரை?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. நான்கு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். எக்கோவில் பம்பிங் 30 சதவீதம் என்றார்கள். சாக்குபிட்ரில்-வால்சார்ட்டான், மெட்டோப்ரோலால், ஸ்பைரனோலாக்டோன், டாபாகிளிஃப்ளோசின், ஃபியூரோசிமைடு, ஆஸ்பிரின் 75, வாரத்தில் ஐந்து நாள் டிஜாக்சின், சர்க்கரைக்கு மூன்று மருந்து சேர்ந்த ஒரு மாத்திரை என்று சாப்பிடுகிறார். நன்றாகத்தான் நடமாடிக்கொண்டிருந்தார். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு, அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரையை மூன்று வாரமாகக் காலையும் இரவும் போடுகிறார். இப்போது கால் வீங்கிவிட்டது. சிறுநீர் குறைந்துவிட்டது. படுத்தால் இருமுகிறார். கிரியாட்டினின் 1.2-இலிருந்து 2.1 ஆகிவிட்டது. பொட்டாசியம் 5.9. மருத்துவர் ஸ்பைரனோலாக்டோனை நிறுத்தி, சாக்குபிட்ரில்-வால்சார்ட்டானைப் பாதியாகக் குறைத்தார். வலி மாத்திரையைப் பற்றி அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. இதய மாத்திரைகள்தான் கிட்னியைக் கெடுத்துவிட்டன, எல்லாவற்றையும் நிறுத்தப் போகிறேன் என்கிறார் அப்பா. பெரியப்பா, இருமலுக்கு அதிமதுரக் கஷாயமும் சிறுநீர் போக இளநீரும் கொடுக்கச் சொல்கிறார். நான்கு நாளாகச் சாப்பாடும் பிடிக்கவில்லை, குமட்டுகிறது. என்ன செய்வது?

– ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள வாசகிக்கு, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் அவசரமான செய்தி அதுதான். கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் உங்களிடம் இதைச் சொன்னேன். நீங்களும் அன்று மாலையே அப்பாவை மருத்துவரிடம் அழைத்துச் சென்று டிஜாக்சினை நிறுத்திவைத்துவிட்டீர்கள். இதே நிலையில் இருக்கும் மற்ற குடும்பங்களுக்காக அதை இங்கே விளக்குகிறேன்.

டிஜாக்சின் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் உடலை விட்டு வெளியேறுகிறது. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கே ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஒன்றரை நாளிலிருந்து இரண்டு நாள் ஆகும். கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) ரத்தத்தில் ஏறிவிட்டால் இன்னும் தாமதமாகும். அதே மாத்திரை, அதே அளவு, ஆனால் நாளுக்கு நாள் உடலில் சேர்ந்துகொண்டே போகும். முதலில் தெரியும் அறிகுறி பசியின்மையும் குமட்டலும். பிறகு தளர்ச்சி, நாடி மெதுவாகத் துடிப்பது, சிலருக்குப் பார்வையில் மஞ்சள் சாயல். வீட்டில் இதைப் பித்தம் என்றோ வாயு என்றோ நினைத்துக்கொண்டு சீரகத் தண்ணீர் கொடுப்பார்கள். அந்த நாட்களில்தான் இதயத் துடிப்பின் தாளம் ஆபத்தான அளவுக்குக் கெடக்கூடும். டிஜாக்சின் சாப்பிடும் ஒருவருக்குப் புதிதாகப் பசி போனால், அடுத்த வேளை மாத்திரைக்கு முன் மருத்துவரிடம் பேசுங்கள். ஈ.சி.ஜி., பொட்டாசியம், டிஜாக்சின் அளவு மூன்றையும் பார்க்க வேண்டும். டிஜாக்சின் அளவுக்கான ரத்தத்தை, கடைசி மாத்திரை சாப்பிட்டுக் குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து எடுத்தால்தான் முடிவு சரியாக இருக்கும். உங்கள் அப்பாவுக்கு இருப்பதுபோன்ற இதய செயலிழப்புக்கு (இதயம் நின்றுபோவது இல்லை, ரத்தத்தைப் போதிய அளவு தள்ள முடியாத நிலை) மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 0.9 நானோகிராம் போதும். சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் இந்த அளவை ஏற்றிவிடும் மருந்துகள் உண்டு. நெஞ்சுச் சளிக்கு எழுதப்படும் கிளாரித்ரோமைசின் அவற்றில் ஒன்று. துடிப்பைச் சீராக்கக் கொடுக்கும் அமியோடரோனும் அப்படித்தான்.

இனி உங்கள் அப்பாவின் குற்றச்சாட்டுக்கு வருவோம். சிறுநீரகத்தைக் கெடுத்தது எந்த மாத்திரை? எட்டு மாத்திரைகள் ஆண்டுக்கணக்கில் உடலில் இருந்தபோது கிரியாட்டினின் 1.2-இல் நின்றது. ஒன்பதாவதாக வலி மாத்திரை வந்த மூன்றே வாரத்தில் 2.1 ஆனது. அவர் சந்தேகப்பட வேண்டியது அந்த ஒன்பதாவதைத்தான்.

ஓய்வில் இருக்கும்போது நல்ல இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ ஒரு லிட்டர், சிறுநீரகங்களுக்கு மட்டுமே போகிறது. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து 300 கிராம்தான் இருக்கும். அவற்றின் எடையோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிய பங்கு. வடிகட்டும் வேலைக்கு அவ்வளவு ரத்தம் வேண்டும். இதயம் பலவீனமானால் முதலில் கைவைக்கப்படுவதும் இந்தப் பங்கில்தான். மூளைக்கும் இதயத்துக்கும் குறையாமல் பார்த்துக்கொள்ள, உடல் மற்ற இடங்களின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடுகிறது.

வரத்து குறைந்த பிறகும் சிறுநீரகம் எப்படிச் சமாளிக்கிறது? காவிரிப் படுகையில் இருக்கும் உங்களுக்கு மதகைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு வடிகட்டிக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு நுண்குழாய், வெளியேற ஒரு நுண்குழாய். வாய்க்காலில் தண்ணீர் குறையும்போது வரும் மதகை அகலத் திறந்து, போகும் மதகைச் சற்று இறக்கினால் வயலில் நீர்மட்டம் நிற்கும். உடலும் இதைத்தான் செய்கிறது. புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் வரும் மதகைத் திறந்து வைக்கிறது. ஆஞ்சியோடென்சின் போகும் மதகை இறக்குகிறது. வால்சார்ட்டான் ஆஞ்சியோடென்சினைத் தடுப்பதால் போகும் மதகு தளர்ந்து, மட்டம் கொஞ்சம் இறங்கும். வரும் மதகு திறந்திருக்கும்வரை அதில் ஆபத்து இல்லை. இந்த மருந்தைத் தொடங்கியதும் கிரியாட்டினின் சற்று ஏறுவது நாங்கள் எதிர்பார்ப்பதுதான். முன்பிருந்த அளவைவிட 30 சதவீதம் வரை கூடினால் பெரும்பாலும் மருந்தைத் தொடரவே செய்வோம். ஃபியூரோசிமைடு உடலின் உபரி நீரை வெளியேற்றுகிறது; அதனால் வாய்க்காலின் மட்டமும் இறங்குகிறது. இந்த நேரத்தில் அசிக்ளோஃபெனாக் உள்ளே வருகிறது. அது புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியை நிறுத்துகிறது. மூட்டு வலி குறைவது அதனால்தான். சிறுநீரகத்துக்கு வரும் மதகு மூடுவதும் அதனால்தான். வாய்க்காலில் தண்ணீர் குறைவு, வரும் மதகு மூடல், போகும் மதகு திறப்பு, மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் வயல் காயாமல் என்ன செய்யும்?

இதய மாத்திரையும் நீர் மாத்திரையும் வலி மாத்திரையும் சேரும் இந்த மூவர் கூட்டணி மருத்துவ உலகில் நன்கு அறியப்பட்டது. ஆனாலும் ஒவ்வொரு மாதமும் இதனால் யாரோ ஒருவர் என்னிடம் வந்து சேர்கிறார். பெரும்பாலும் அவர்கள் மருந்துக்கடையில் வாங்கியது, அல்லது பக்கத்து வீட்டுக்காரரின் அட்டையிலிருந்து இரண்டு பிய்த்துக்கொண்டது. எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம் இதுதான். டைக்ளோஃபெனாக் போன்றவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள். வேர்க்கடலைப் பொட்டலம்போல அவை கைமாறுகின்றன. பாராசிட்டமாலோடு சேர்ந்து ஒரே மாத்திரையாக வருவதால், “காய்ச்சல் மாத்திரைதானே” என்று வாங்குபவரும் நம்பிவிடுகிறார். அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் சிறிய எழுத்தைப் படியுங்கள். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், நேப்ராக்சன், மெஃபெனாமிக் அமிலம், நிமிசுலைடு, எட்டோரிகாக்சிப் ஆகியவற்றில் எந்தப் பெயர் இருந்தாலும் அது இதய செயலிழப்பு உள்ளவருக்கு வேண்டாம். எட்டோரிகாக்சிப் வயிற்றுக்குப் பாதுகாப்பானது என்று சொல்லிக் கொடுப்பார்கள். அது வயிற்றைப் பற்றிய பேச்சு மட்டுமே. சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் இந்தக் குடும்பத்தில் எல்லோரும் ஒன்றுதான். தினமும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் மட்டும் விதிவிலக்கு. ஸ்டென்ட் வைத்தவர் அதைத் தானாக நிறுத்திவிடக் கூடாது.

கால் வீக்கத்துக்கும் இதே மாத்திரைதான் காரணமாக இருக்க வேண்டும். இந்த மருந்துகள் உப்பையும் நீரையும் உடலில் தேக்குகின்றன. நீர் மாத்திரை வேலை செய்வதையும் தடுக்கின்றன. 2000-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் வெளியான ஓர் ஆய்வு, ஏற்கெனவே இதய நோய் உள்ள முதியவர்கள் இத்தகைய வலி மாத்திரை எடுத்தால் இதய செயலிழப்போடு மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு சுமார் பத்து மடங்கு கூடுகிறது என்று கண்டது. உடலில் நீர் தேங்கும்போது குடலின் சுவரும் வீங்குகிறது. அப்போது வாய்வழி எடுக்கும் ஃபியூரோசிமைடு மெதுவாகவே ரத்தத்தில் சேர்கிறது. சேர்ந்த மருந்தும் ரத்த ஓட்டம் குறைந்த சிறுநீரகத்தைப் போதிய அளவில் சென்றடைவதில்லை. “முன்பு அரை மாத்திரைக்கே சிறுநீர் கொட்டும், இப்போது இரண்டு போட்டும் போகவில்லை” என்று குடும்பத்தினர் சொல்வது இதைத்தான். அந்தக் கட்டத்தில் மாத்திரையை வீட்டிலேயே கூட்டிக்கொண்டு போவதில் பயன் இல்லை. மருத்துவமனையில் ஓரிரு நாள் ஊசியாகக் கொடுத்தால் குடலைத் தாண்டி நேராக ரத்தத்துக்குப் போய்விடும். படுத்தால் வரும் இருமலும் சளித் தொல்லையாக இருக்க வாய்ப்பு குறைவு. நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். அதற்குக் கஷாயம் காய்ச்சிக் காத்திருக்க நேரம் இல்லை.

எனவே முதல் வேலை வலி மாத்திரையை இன்றோடு நிறுத்துவது. இரண்டாவது, அதை இத்தனை நாள் சாப்பிட்டதை மருத்துவரிடம் சொல்வது. திட்டுவாரோ என்று தயங்காதீர்கள். அவருக்கு இது தெரியாததால்தான் பழி அவர் கொடுத்த இரண்டு நல்ல மருந்துகளின் மேல் விழுந்திருக்கிறது. ஸ்பைரனோலாக்டோன் பொட்டாசியத்தை உடலில் தேக்கும் மருந்து; பொட்டாசியம் 5.9 இருந்த நிலையில் அவர் அதை நிறுத்தியது சரியே. ஆனால் காரணம் இன்னதென்று தெரிந்தால், எண்கள் இறங்கியதும் திரும்பத் தொடங்கும் துணிவு அவருக்கு வரும். தெரியாவிட்டால் “இவருக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது” என்ற ஒரு வரி கோப்பில் ஏறி, ஆயுள் முழுக்க அப்பாவுக்கு அந்த மருந்து கிடைக்காமல் போகும்.

அப்படிப் போனால் என்ன இழப்பு என்பதை அப்பாவுக்கு இப்படிச் சொல்லுங்கள். வால்சார்ட்டானைப் போலவே ஆஞ்சியோடென்சின் வழியில் குறுக்கிடும் எனலாப்ரில் என்ற மருந்தை, இதயம் மிகவும் பலவீனமான 253 பேரிடம் ஸ்காண்டிநேவிய நாடுகளில் சோதித்தார்கள். முடிவு 1987-இல் வெளிவந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் ஆறு மாதத்துக்குள் 44 சதவீதம் பேர் இறந்துபோனார்கள். எனலாப்ரில் சாப்பிட்டவர்களில் 26 சதவீதம். ஸ்பைரனோலாக்டோன் பற்றிய பெரிய ஆய்வு 1999-இல் வந்தது. இறப்பு 30 சதவீதம் குறைந்தது. பிறகு நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஆய்வைப் படித்துவிட்டு மருத்துவர்கள் எல்லோரும் ஸ்பைரனோலாக்டோனை எழுதத் தொடங்கினார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இதய செயலிழப்பு உள்ள முதியவர்கள் பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்வது பல மடங்காகியது. ஆய்வில் ரத்தப் பரிசோதனையை விடாமல் செய்தார்கள். வெளியே அந்த ஒழுங்கு இல்லை. ஆகவே இந்த மருந்தைத் திரும்பத் தொடங்கும்போது குறைந்த அளவில் தொடங்கச் சொல்லுங்கள். ஒரு வாரத்திலும் நான்கு வாரத்திலும் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பாருங்கள். பிறகு, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் சில மாதங்களுக்கு ஒருமுறை. இந்தப் பரிசோதனைகள் செலவு அதிகம் இல்லாதவை. சிறிய ஊர்களிலும் செய்யலாம்.

மெட்டோப்ரோலாலைப் பற்றித் தனியாக ஒரு வரி. அதைத் திடீரென்று நிறுத்தினால் துடிப்பு எகிறி, நெஞ்சு வலியே வரக்கூடும். கோபத்தில் மாத்திரைப் பெட்டியை ஒதுக்கி வைப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

பெரியப்பா அன்போடுதான் சொல்கிறார். ஆனால் அவர் சொல்லும் இரண்டும் இந்த வாரம் உங்கள் வீட்டுக்குள் வரக் கூடாதவை. ஒரு டம்ளர் இளநீரில் 500 முதல் 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. பொட்டாசியம் 5.9 இருக்கும் ஒருவருக்கு, அதை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகம் தளர்ந்திருக்கும்போது, இது விளையாட்டான காரியம் இல்லை. பொட்டாசியம் மேலும் ஏறினால் இதயம் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றுவிடலாம். அதிமதுரத்தின் கோளாறு வேறு திசையில். அதிலுள்ள கிளிசிரைசின் உடலில் உப்பைத் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும். பொட்டாசியத்தைக் கீழே இழுக்கும். டிஜாக்சினும் நீர் மாத்திரையும் சாப்பிடுபவருக்குப் பொட்டாசியம் குறைவதும் ஆபத்துதான், டிஜாக்சினின் நஞ்சுத்தன்மை அப்போது கூடும். அப்படியானால் இது அப்பாவின் பொட்டாசியத்தைக் குறைக்க உதவாதா என்று உங்களில் யாராவது கேட்கலாம். கேட்காதீர்கள். ஏற்கெனவே நீர் தேங்கிய உடலில் இன்னும் உப்பைத் தேக்கி எந்த எண்ணையும் சரிசெய்ய முடியாது. நாட்டு மருந்தின் மேல் எனக்கு விரோதம் எதுவும் இல்லை. வேலை செய்யும் பொருள் எதுவானாலும், அது மற்ற மருந்துகளோடு மோதவும் செய்யும் என்பதை ஏற்றுக்கொண்டால் போதும்.

உப்பையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பவற்றில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். அப்பாவின் மருந்துப் பட்டியலுக்கு அது ஆகாது. இந்துப்பில் இருப்பதும் பெரும்பாலும் சாதாரண உப்பே. ஆகவே உப்பை மாற்றாதீர்கள், குறையுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் நான்கையும் விட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இன்னொரு பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கோட்ரைமாக்சசோல். சிறுநீர்த் தொற்றுக்கு எழுதப்படும் பழைய நுண்ணுயிர்க்கொல்லி. டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவர்களுக்குச் சிறுநீரில் சர்க்கரை இறங்குவதால் பிறப்புறுப்பில் அரிப்பும் பூஞ்சைத் தொற்றும் வருவதுண்டு. அதைச் சிறுநீர்த் தொற்று என்று நினைத்து இந்த மருந்தைக் கொடுத்துவிட்டால், ஸ்பைரனோலாக்டோனோடு சேர்ந்து பொட்டாசியம் வேகமாக ஏறும். வேறு மருந்து கேளுங்கள்.

சர்க்கரை மாத்திரையின் அட்டையையும் எடுத்துப் பாருங்கள். மூன்று மருந்து சேர்ந்தது என்கிறீர்கள். கிளிமெபிரைடு, மெட்ஃபார்மின், பயோகிளிட்டசோன் மூன்றும் சேர்ந்த மாத்திரை நம் நாட்டில் மிகவும் புழக்கத்தில் உள்ளது. அதில் மூன்றாவது பெயர் இருந்தால் அதை உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். பயோகிளிட்டசோன் உடலில் நீரைத் தேக்கும். இதய செயலிழப்பு உள்ளவர்களுக்கு அது கொடுக்கக் கூடாத மருந்து. கிரியாட்டினின் 2.1 இருக்கும்போது மெட்ஃபார்மின் அளவையும் மறுபடி பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு ஒரு மருத்துவர், இதயத்துக்கு ஒருவர், மூட்டுக்கு மருந்துக்கடைக்காரர் என்று பிரிந்து கிடக்கும்போது இப்படித்தான் ஆகும். எல்லா மருந்தையும் அளவோடு ஒரே தாளில் எழுதி, யாரிடம் போனாலும் முதலில் அந்தத் தாளை நீட்டுங்கள். கஷாயம், சூரணம், தைலம் எல்லாம் அதில் இருக்கட்டும்.

வீட்டில் ஓர் எடை பார்க்கும் கருவி வாங்குங்கள். காலையில் சிறுநீர் கழித்ததும், சாப்பிடும் முன், தினமும் எடை பார்த்து எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது உடம்பு தேறியதன் அடையாளம் இல்லை, தேங்கிய நீர். அன்றே மருத்துவரை அழையுங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: வாந்தி, வயிற்றுப்போக்கு, சரியாகச் சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால் நீர் மாத்திரை, ஸ்பைரனோலாக்டோன், வால்சார்ட்டான் சேர்ந்தது, டாபாகிளிஃப்ளோசின், மெட்ஃபார்மின் ஆகியவற்றை ஓரிரு நாள் நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். எவற்றை, எத்தனை நாள் என்பதை இப்போதே மருத்துவரிடம் கேட்டு அதே தாளின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நள்ளிரவில் அவரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

கடைசியாக முழங்கால். இத்தனைக்கும் காரணம் அந்த வலிதான். “வலியைப் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அவர் மறுபடி அதே கடைக்குத்தான் போவார். பாராசிட்டமாலைத் தனியாக, 500 மில்லிகிராம் அளவில், தேவைப்படும்போது எடுக்கலாம். ஒரு நாளைக்கு அதிகபட்சம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் வயதில் மூன்று கிராமைத் தாண்டக் கூடாது. மேலே தடவும் வலி மருந்தில் ரத்தத்துக்குள் போகும் பங்கு மிகவும் குறைவு. ஆனாலும் கிரியாட்டினின் இறங்கும்வரை அதையும் கேட்காமல் தொடங்க வேண்டாம். தொடையின் முன்பக்கத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தால், சில வாரங்களில் மாடிப்படி ஏறுவதில் வித்தியாசம் தெரியும். மூச்சு வாங்குவது அடங்கிய பிறகு தொடங்குங்கள். மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குப் பல வாரம் நிம்மதி தரும். சர்க்கரை சில நாள் ஏறும் என்பதால் கண்காணிக்க வேண்டும். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்ற பேச்சு என்றாவது வந்தால், இதய மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் நாள் குறிக்க வேண்டாம். அறுவைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே டாபாகிளிஃப்ளோசினை நிறுத்த வேண்டும் என்பதை மயக்க மருந்து மருத்துவரிடமும் சொல்லிவையுங்கள்.